குமட்டி விதை, நாற்பத்தெட்டு மணி நேரம்

அல் ஐன் சாலையில் கம்பிவேலிக்கு அப்பால்
மணலில் உருண்டு கிடக்கும் பேய்க்குமட்டிக்காய்.
ஒட்டகமும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.
வியாகுலம் அண்ணன் வேனை ஓரங்கட்டி
சாக்கில் அள்ளிவருவார்.
"இதப் பொறுக்கவும் சம்பளம் தாரானே,
நல்ல நாடுதான் டாக்டரம்மா."
நான் டாக்டர் இல்லை.
பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்
குழாயும் தட்டும் கழுவித் தொடங்கி
இப்போது செல் வளர்ப்பவள்.

காயை உடைத்து, சதையை வழித்து,
ஏழு தண்ணீரில் விதையை அலசி,
உலர்த்தி, பொடித்து,
மெத்தனாலில் ஊறவைத்தால்
இரண்டு நாளில் ஆவியாகி மிஞ்சுவது
நகக்கண் அளவு பழுப்புப் பிசின்.
கையுறை கழற்றி, சோப்புப் போட்டு,
மதியம் பிசைந்த தயிர்சாதமும் கசந்தது.
பேரிலேயே குமட்டலை வைத்துக்கொண்ட காய்.

தட்டில் வளர்பவை
ஒருத்தியின் மார்பிலிருந்து எடுத்த செல்கள்.
அவளுக்குப் பெயர் இல்லை, எண் உண்டு.
அவள் போய் எத்தனையோ வருடம்.
இவை மட்டும் இன்னும் பெருகுகின்றன,
முப்பத்தேழு டிகிரியில், இளஞ்சிவப்புத் திரவத்தில்.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.

சொட்டு விட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
ஊதா படிந்தால் உயிர்.
வெளிறினால் இல்லை.

ஞாயிறு காலை, ஆளில்லாத கட்டடம்.
மூன்றாம் வரிசைக் குழிகள் வெளிறிக் கிடந்தன.
நூற்றுக்கு எழுபத்தொன்று செத்திருந்தது.
ஏதோ துள்ளியது எனக்குள், மறைப்பானேன்.
பிறகுதான் பக்கத்துத் தட்டைத் தூக்கினேன்.
நோய் அறியாத செல்கள்.
அங்கேயும் பாதிக்குமேல் வெளிறல்.
குமட்டிக்கு ஆள் தெரியவில்லை.
குளியலறை பிளீச்சை விட்டாலும்
தட்டில் எல்லாம் சாகும்.

திரும்பும் வழியில் வேனில் கேட்டார்:
"செத்துச்சா?"
"செத்துச்சு அண்ணே, ஆனா..."
அந்த ஆனாவை அவர் கேட்கவில்லை.
"அப்ப சரி. லூர்துக்கு அனுப்பிட்டேன்,
பால்மாவு டப்பாவுல, ஒரு கைப்பிடி.
ரெண்டாவது ஊசி முடிஞ்சிருக்கு அவளுக்கு."

எனக்கு வாய் உலர்ந்தது.
அண்ணே, அது வயிற்றைக் கிழிக்கும்,
ரத்தமாகப் போகும் என்றேன்.
"தெரியும்," என்றார், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.
"நான் தின்னு பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

போன திங்கட்கிழமை.
ஷவர்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று
லீவு போட்டிருந்தார்.

"நல்ல செல்லு உள்ள ஆளு நான், எனக்குப் போவும்.
அவளுக்கு நோயிதான போவணும்?
நீங்க சொல்ற கணக்குத்தானே?"

நான் சொன்ன கணக்கு அது இல்லை.
ஆனால் டீ குடித்தபடி ஏதோ சொல்லியிருக்கிறேன்,
அவர் அதைச் சாக்கோடு கட்டி எடுத்துப்போயிருக்கிறார்.
பெயரில்லாத அந்தப் பெண்ணுக்கும்
யாராவது எதையாவது
டப்பாவில் அனுப்பியிருப்பார்களோ?

பெட்ரோல் பங்கில் நிறுத்தி வேம்பாருக்குப் போன் போட்டார்.
ஸ்பீக்கரில் கடல்காற்று, பின்னால் ஒரு மிக்சி.
"என்னத்த அனுப்பியிருக்கீக?
நாலு விதை வாயில போட்டேன், துப்பிட்டேன்.
ஊசியே கொமட்டுது, இதுல இது வேறயா?
டப்பா நல்லாருக்கு, சீனி போட்டு வச்சிருக்கேன்.
ஆசையிருந்தா பேரீச்சம்பழம் அனுப்புங்க."

அவர் சிரித்தார். அல்லது இருமினார்.
ஏசியைக் கூட்டி வைத்தார்.
அல் ஐன் வரும்வரை பேசவில்லை.

திங்கள் காலை நோட்டில் எழுதினேன்:
அளவைப் பத்தில் ஒன்றாக்கு.
இரண்டு தட்டும் வை. மீண்டும்.
கதவருகே புதுச் சாக்கு வந்திருந்தது.
எப்போதும் வாய் திறந்தே கிடக்கும் சாக்கு,
இந்த முறை நைலான் கயிற்றால்
முடிச்சுக்கு மேல் முடிச்சு.
கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது.